ஒரு பிள்ளைக்கு 25,000 டாலர் செலவு, ஆனா மார்க் கம்மி: நியூ ஜெர்சியோட சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல வீடு வாங்கலாமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்டபடி முதல்ல சொல்லிடுறேன். மத்திய நியூ ஜெர்சில ஒரு சின்ன ஊர்ல வீடு பிடிச்சிருக்கு. அந்த ஊருக்குன்னே தனி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊர் அரசுப் பள்ளிகளைத் தனி போர்டு, தனி பட்ஜெட் வெச்சு நடத்துற அமைப்பு), அதுல இருக்கிறதே ஒரே ஒரு ஸ்கூல், கேஜில இருந்து எட்டாவது வரைக்கும் மொத்தம் 230 பிள்ளைங்க. ஒரு பிள்ளைக்கு வருஷம் 25,000 டாலர் செலவு காட்டுது. பக்கத்துல 9,000 பிள்ளைங்க படிக்கிற பெரிய டிஸ்ட்ரிக்ட்ல 20,000தான், ஆனா ஸ்டேட் டெஸ்ட்ல அவங்கதான் மேல இருக்காங்க, அப்ப இந்தப் பணமெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டிருக்கீங்க. கேள்வி பணத்தைப் பத்தினது மாதிரி தெரிஞ்சாலும் உங்க மனசுல இருக்கிறது வேற ரெண்டு விஷயம்னு தோணுது. என் பிள்ளை இங்க சேந்தா பின்தங்கிடுமா, நாளைக்கு இந்த ஸ்கூல் இப்படியே நிக்குமா.

நான் வேலைக்கு அக்கவுண்டன்ட். இதே நியூ ஜெர்சில இதே அளவு டிஸ்ட்ரிக்ட் ஒண்ணுல எலெக்‌ஷன்ல நின்னு மூணு டெர்ம், மொத்தம் ஒம்பது வருஷம் ஸ்கூல் போர்டு மெம்பரா இருந்தேன், அதுல பெரும்பாலும் ஃபைனான்ஸ் கமிட்டி (சம்பளம் கிடையாது, எல்லாம் ராத்திரி மீட்டிங்தான்). பட்ஜெட்டை வரி வரியா படிச்ச அனுபவம் இருக்கு, கிளாஸ்ரூம்ல நின்னு பாடம் எடுத்த அனுபவம் இல்ல. அதனால டீச்சிங் பத்தி நான் சொல்றதை ஒரு அப்பா சொல்றதா எடுத்துக்கங்க, பணத்தைப் பத்தி சொல்றதை மட்டும் தெரிஞ்சவன் சொல்றதா எடுத்துக்கங்க.

மார்க்கை முதல்ல பாப்போம். நீங்க பாத்த பர்சன்ட், ப்ரொஃபிஷியன்சி பர்சன்ட்னு சொல்லுவாங்க, என்.ஜே.எஸ்.எல்.ஏ.ங்கிற ஸ்டேட் டெஸ்ட்ல அஞ்சு லெவல்ல நாலோ அஞ்சோ வாங்கின பிள்ளைங்களோட பங்கு. மூணாவதுல இருந்துதான் இந்த டெஸ்ட். 230 பேர் ஸ்கூல்னா ஒரு கிளாஸ்ல 25 பேரு, அதுல டெஸ்ட் எழுதுறது ஒரு 21 பேர்னு வைங்க. ஒரே ஒரு பிள்ளை நாலுல இருந்து மூணுக்கு இறங்கினா அந்த கிளாஸ் பர்சன்ட் கிட்டத்தட்ட 5 பாயின்ட் விழுந்துடும். டீச்சர் அதே ஆளு, பாடம் அதே பாடம், ஆனா போன வருஷம் 68, இந்த வருஷம் 52ன்னு வரும், இது சாதாரணமா நடக்கும். கணக்குப் போட்டா, 60 பர்சன்ட் வாங்கக்கூடிய தரத்துல இருக்கிற ஸ்கூல் கூட 21 பேர் எழுதும்போது 50க்கும் 70க்கும் நடுவுல எங்க வேணா நிக்கும், சில வருஷம் அதையும் தாண்டும், தற்செயலே அந்த அளவுக்கு ஆட்டும். 9,000 பேர் டிஸ்ட்ரிக்ட்ல அந்த ஆட்டம் தெரியவே தெரியாது, ஏன்னா ஒரு கிளாஸ்க்கே அறுநூறு எழுநூறு பேர். நான் போர்டுல இருந்தப்ப ஒரு வருஷம் நாலாவது கணக்குல மார்க் சரிஞ்சுதுன்னு ஒரு நல்ல டீச்சரை ஊரே பேசுச்சு, அடுத்த வருஷம் அதே டீச்சர்கிட்ட வேற பிள்ளைங்க வந்தப்ப மார்க் ஏறுச்சு, அப்ப ஒருத்தரும் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லல. அது எனக்கு இன்னும் வலிக்குது.

அதனால ஒரு வருஷம், ஒரு கிளாஸ், இந்த ரெண்டையும் தனியா பாக்காதீங்க. மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் சேத்துப் பாருங்க, அதையும் மூணு வருஷத்துக்குப் பாருங்க. 2020லயும் 2021லயும் கொரோனாவால அந்த ஸ்ப்ரிங் டெஸ்ட்டே நடக்கல, அதனால அதுக்கு முந்தின மார்க்கையும் பிந்தின மார்க்கையும் ஒரே கோடா இழுத்துப் பாக்கவும் முடியாது. ஸ்டேட் வெளியிடுற ஸ்கூல் பெர்ஃபாமன்ஸ் ரிப்போர்ட்ல ஸ்டூடன்ட் க்ரோத்னு ஒரு பகுதி இருக்கும், நாலாவதுல இருந்துதான் அது வரும். போன வருஷம் அதே மாதிரி மார்க் வாங்கின ஸ்டேட் முழுக்க இருக்கிற பிள்ளைங்களோட ஒப்பிட்டா இந்த ஸ்கூல் பிள்ளைங்க எவ்வளவு நகந்திருக்காங்கன்னு அது காட்டும். நடு நம்பர் 40க்கும் 59.5க்கும் நடுவுல இருந்தா ஸ்டேட் ஸ்டாண்டர்டுக்கு சரின்னு அர்த்தம், அதுக்கு மேல இருந்தா ஸ்டாண்டர்டைத் தாண்டியிருக்குன்னு அர்த்தம். நீங்க சொல்ற அந்தப் பெரிய டிஸ்ட்ரிக்ட்ல நம்ம ஆளுங்க எத்தனை பேரு, சாயங்காலம் டியூஷன் சென்டர் வாசல்ல எத்தனை கார் நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அந்த மார்க்குல ஸ்கூலோட பங்கு எவ்வளவு, வீட்டோட பங்கு எவ்வளவுன்னு ப்ரொஃபிஷியன்சி பர்சன்ட்டை வெச்சுப் பிரிக்க முடியாது, க்ரோத் நம்பர் ஓரளவுக்குப் பிரிக்கும், முழுசா பிரிக்கும்னு நான் சொல்ல மாட்டேன், சின்ன ஸ்கூல்ல அந்த நம்பரும் ஆடத்தான் செய்யும். பத்துப் பேருக்கும் கம்மியா இருக்கிற குரூப்போட மார்க்கை ஸ்டேட் வெளியிடவே செய்யாது, யாரு எந்தப் பிள்ளைன்னு தெரிஞ்சிடும்னு மறைச்சிடுவாங்க, அதனால சின்ன ஸ்கூல் ரிப்போர்ட்ல பாதிக் கட்டம் காலியா இருக்கும், அதைப் பாத்து ஏதோ ஒளிக்கிறாங்கன்னு நினைச்சுடாதீங்க.

இப்ப செலவு. ரெண்டு பேர் சாப்பிடுற வீட்டுக்கும் அடுப்பு ஒண்ணு வேணும், பத்துப் பேர் சாப்பிடுற வீட்டுக்கும் அடுப்பு ஒண்ணுதான். உங்க 230 பேர் டிஸ்ட்ரிக்ட்டுக்கும் சட்டப்படி ஒரு சூப்பரின்டெண்டென்ட் (டிஸ்ட்ரிக்ட்டோட தலைமை அதிகாரி) வேணும், கணக்கு வழக்குக்கு பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வேணும், நர்ஸ் வேணும், ஸ்பெஷல் எஜுகேஷன் பாக்கிற சைல்ட் ஸ்டடி டீம் வேணும், வருஷா வருஷம் ஆடிட் வேணும். உதாரணத்துக்கு மேலிடச் செலவு 4 லட்சம் டாலர்னு வெச்சா 230ஆல வகுத்தா தலைக்கு 1,740 டாலர் வருது. பெரிய டிஸ்ட்ரிக்ட்ல அதுக்கு அஞ்சு மடங்கு, 20 லட்சம் செலவு பண்ணினாலும் 9,000ஆல வகுத்தா 220 டாலர்தான். அங்க யாரும் சிக்கனமும் இல்ல, இங்க யாரும் ஊதாரியும் இல்ல, வகுக்கிற நம்பர்தான் வேற. நிறைய சின்ன ஊர்ல சூப்பரின்டெண்டென்ட்டே பிரின்சிபாலாவும் இருப்பாரு, இல்ல பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டரை பக்கத்து ஊரோட பகிர்ந்துக்குவாங்க. உங்க ஊர்ல அப்படி இருந்தா அது நல்ல அடையாளம்.

இன்னொண்ணு, நீங்க பாத்த 25,000 எந்த 25,000ன்னு பாக்கணும். ஸ்டேட் எஜுகேஷன் டிபார்ட்மென்ட் வெளியிடுற டாக்ஸ்பேயர்ஸ் கைடுல ரெண்டு நம்பர் உண்டு. ஒண்ணு பட்ஜெட்டரி காஸ்ட், அது அந்தக் கட்டடத்துக்குள்ள அன்றாடம் நடக்கிற செலவு. இன்னொண்ணு டோட்டல் ஸ்பெண்டிங், அதுல டீச்சர்ஸ் பென்ஷனுக்கு ஸ்டேட் நேரா கட்டுற பணம், கடன், பஸ், வெளி ஸ்கூலுக்குக் கட்டுற ட்யூஷன் (அந்த ஸ்கூலோட ஃபீஸ்) எல்லாம் சேந்திருக்கும். ரெண்டுக்கும் நடுவுல பல ஆயிரம் டாலர் வித்தியாசம் வரும். ஒரு ஊரோட டோட்டலையும் இன்னொரு ஊரோட பட்ஜெட்டரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போட்டுக்கிட்டதை நானே பாத்திருக்கேன். உங்க ரெண்டு நம்பரும் ஒரே வகைதானான்னு முதல்ல சரிபாருங்க.

சொல்லத் தயக்கமா இருந்தாலும் சொல்லியே ஆகணும்னு நினைக்கிற ஒரு விஷயம் இருக்கு. சில பிள்ளைங்களுக்கு வேணுங்கிற உதவி சின்ன ஸ்கூலுக்குள்ள கொடுக்க முடியாது, சட்டப்படி அவங்களைத் தகுந்த ஸ்பெஷல் ஸ்கூலுக்கு டிஸ்ட்ரிக்ட் செலவுல அனுப்பணும். ட்யூஷன், தனி வேன் எல்லாம் சேத்து ஒரு பிள்ளைக்கு வருஷம் 1 லட்சம் டாலர் தாண்டுறது சாதாரணம். எக்ஸ்ட்ராஆர்டினரி எய்ட்னு ஸ்டேட் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், ப்ரைவேட் ஸ்கூலுக்கு அனுப்பின பிள்ளைன்னா 55,000 டாலருக்கு மேல ஆகுற செலவுல 75 பர்சன்ட்னு சட்டம் சொல்லுது, ஆனா அதுக்கு முழுசா பணம் ஒதுக்க மாட்டாங்க, வர்றதும் வருஷக் கடைசிலதான் வரும். ஒரு பட்ஜெட் ஹியரிங்ல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, அந்த ட்யூஷன் செலவு எத்தனை பிள்ளைங்களுக்கு, யாருக்குன்னு கேட்டாரு. பேரு சொல்ல மாட்டோம்னு சொன்னோம். ஆனா 230 பேர் ஸ்கூல்ல யாரு வீட்டு வாசல்ல காலைல தனி வேன் வந்து நிக்குதுன்னு ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளையோட அம்மா அன்னைக்கு அந்த ஹால்ல மூணாவது வரிசைல உக்காந்திருந்தாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு எந்திரிச்சு வெளிய போனதைப் பாத்தேன், அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டேன், அவங்க "பரவால்ல சார்"னு சொன்னாங்க, அதுக்கு மேல எதுவும் பேசல. நீங்க அந்த ஊருக்குக் குடி போனா ஒரே ஒரு வேண்டுகோள், செலவைக் கேள்வி கேளுங்க, தாராளமா கேளுங்க, ஆனா அந்த ட்யூஷன் செலவைக் காட்டி கேக்காதீங்க. அந்தப் பணம் ஒரு பிள்ளையோட உரிமை, நாளைக்கு அது நம்ம பிள்ளையாவும் இருக்கலாம்.

பணம் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சாதான் "இப்படியே நிக்குமா"ங்கிற கேள்விக்கு வர முடியும். நம்ம ஊர்ல அரசுப் பள்ளி வாத்தியாருக்கு சம்பளம் மாநில அரசு கஜானால இருந்து போகும், அந்த ஊர்க்காரங்க கட்டுற வீட்டு வரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இங்க தலைகீழ். நியூ ஜெர்சில சராசரி ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில் 2024ல 10,000 டாலரைத் தாண்டிருச்சு, அதுல பாதிக்கு மேல ஸ்கூலுக்குத்தான் போகுது. ஸ்டேட் தன் பங்கா கொடுக்கிறதை 2008ல வந்த எஸ்.எஃப்.ஆர்.ஏ.ங்கிற சட்டம் முடிவு பண்ணுது. இத்தனை பிள்ளைங்க, அதுல இத்தனை பேர் ஏழைங்க, இத்தனை பேருக்கு இங்கிலீஷ் புதுசுன்னு கணக்குப் போட்டு ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு எவ்வளவு போதும்னு ஒரு தொகை, அந்த ஊர் சொத்து மதிப்பையும் வருமானத்தையும் பாத்து அந்த ஊரால எவ்வளவு முடியும்னு இன்னொரு தொகை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டேட் கொடுக்கும். கருத்து நியாயமான கருத்துதான், ஏபட் கேஸ்னு எண்பதுகள்ல இருந்து ஏழை ஊர்ப் பிள்ளைங்களுக்காக கோர்ட்ல நடந்த பெரிய போராட்டத்தோட விளைவு அது, நான் அதை மதிக்கிறேன். ஆனா 2008ல யாருக்கும் பழைய பணம் குறையக் கூடாதுன்னு அட்ஜஸ்ட்மென்ட் எய்ட்னு ஒண்ணு கூட வெச்சாங்க, அப்புறம் 2018ல எஸ்-2ங்கிற சட்டம் வந்து அதை ஏழு வருஷத்துல படிப்படியா எடுத்துட்டாங்க. பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வந்த நிறைய ஊருக்கு, அதுல சின்ன ஊரும் உண்டு, அப்பதான் அடி விழுந்துச்சு. 2025-26 பட்ஜெட்ல ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரு வருஷத்துல குறையுறது 3 பர்சன்ட்டுக்கு மேல போகாதுன்னு கட்டுப்படுத்தினாங்க, அது ஒரு ஆறுதல், ஆனா அது அந்த வருஷத்து பட்ஜெட் முடிவு, என்னைக்கும் அப்படியே இருக்கும்னு நம்பி வீடு வாங்காதீங்க.

சரி, ஸ்டேட் குறைச்சா ஊர்ல வரியை ஏத்திக்கலாமேன்னு கேப்பீங்க. அங்கதான் 2010ல போட்ட 2 பர்சன்ட் கேப், அதாவது உச்சவரம்பு, வருது. ஸ்கூல் வரி மொத்தத்தை வருஷத்துக்கு 2 பர்சன்ட்டுக்கு மேல ஏத்தணும்னா ஊர்ல ஓட்டு வாங்கணும் (ஹெல்த் இன்சூரன்ஸ் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு உண்டு). உங்க ஊருக்கே போட்டுப் பாருங்க, 230 பேருக்கு 25,000னா மொத்தம் 57 லட்சத்துச் சொச்சம், அதுல வரியா வர்றது 50 லட்சம்னு வெச்சா 2 பர்சன்ட் வெறும் 1 லட்சம் டாலர். ஆகஸ்ட்ல ஒரு குடும்பம் குடி வருது, அவங்க பிள்ளைக்கு வெளி ஸ்கூல் வேணும்னா அந்த வருஷத்து மொத்த உயர்வும் அந்த ஒரு கையெழுத்துல போயிடும். டீச்சர் சம்பள உயர்வுக்கு, பாய்லருக்கு, பஸ்ஸுக்கு எங்க போறது? சேத்து வெச்சிருக்கலாமேன்னா அதுக்கும் வரம்பு இருக்கு, பட்ஜெட்ல 2 பர்சன்ட், இல்ல 2.5 லட்சம் டாலர், இதுல எது அதிகமோ அதுக்கு மேல பொதுக் கையிருப்பு இருந்தா அடுத்த பட்ஜெட்ல வரியைக் குறைக்கப் போட்டுடணும். கேபிட்டல் ரிசர்வ், மெயின்டனன்ஸ் ரிசர்வ்னு தனியா ஒதுக்கி வெக்கலாம், கவனமான டிஸ்ட்ரிக்ட் அதைத்தான் செய்யும். கவனமில்லாத டிஸ்ட்ரிக்ட் வருஷா வருஷம் கையிருப்பை எடுத்து எடுத்து பட்ஜெட்டை ஒப்பேத்தும், அது தீரும் வருஷம் மே மாசம் 15க்குள்ள டென்யூர் ஆகாத, அதாவது வேலை நிரந்தரம் ஆகாத, டீச்சர்களுக்கு அடுத்த வருஷம் வேலை இல்லன்னு லெட்டர் போகும். முதல்ல போறது ஸ்பானிஷ், மியூசிக், லைப்ரரி. ரெண்டு தடவை அந்த லெட்டருக்கு நான் கை தூக்கியிருக்கேன், ரெண்டு ராத்திரியும் தூங்கல.

அடுத்து ஹைஸ்கூல், எட்டாவது முடிச்சா பிள்ளைங்க எங்க போவாங்கன்னு நீங்க எழுதவே இல்ல. சில ஊர், பல ஊர் சேந்து நடத்துற ரீஜனல் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல சேந்திருக்கும், அப்ப உங்க டாக்ஸ் பில்லுல ஸ்கூலுக்கே ரெண்டு வரி வரும். சில ஊர் இன்னொரு ஊர் ஹைஸ்கூலுக்கு ட்யூஷன் கட்டி அனுப்பும், க்ரான்பரி பிள்ளைங்க பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போறது அப்படித்தான். ட்யூஷன் கட்டுற ஊர்னா ஒரு சிக்கல், அந்த வருஷம் கட்டுறது ஒரு மதிப்பீடுதான், உண்மையான செலவை ஸ்டேட் சரிபாத்து முடிச்சதும் ரெண்டு வருஷம் கழிச்சு பாக்கி கேப்பாங்க. எங்களுக்கு ஒரு தடவை அப்படி வந்த பாக்கில ஒரு டீச்சர் சம்பளம் போச்சு. ஒரு எட்டாவதுல வழக்கத்தைவிட பத்துப் பேர் கூட இருந்தாலே அடுத்த வருஷ பட்ஜெட் இடிக்கும்.

ஸ்கூலை மூடிடுவாங்களா, பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டோட சேத்துடுவாங்களான்னும் ஒரு பயம் இருக்கும். நியூ ஜெர்சில 600க்குப் பக்கமா டிஸ்ட்ரிக்ட் இருக்கு, இணைக்கணும்ங்கிற பேச்சு பல வருஷமா ஓடுது. 2009ல மூடினது ஸ்கூலே நடத்தாம பேருக்கு மட்டும் இருந்த டிஸ்ட்ரிக்ட்களை. 2022ல வந்த சட்டம் இணைஞ்சா என்ன லாபம்னு ஆராய பணம் கொடுக்குது, சேருற ஊருக்கு ஸ்டேட் எய்ட் குறையுறதைத் தள்ளியும் போடுது, ஆனா கட்டாயப்படுத்தல, ஊர் ஓட்டுப் போட்டாதான் நடக்கும். ரெண்டு ஊர் சேரும்போது ஒரு ஊருக்கு வரி ஏறும், இன்னொண்ணுக்கு இறங்கும், ஏறுற ஊர் ஒத்துக்காது, அதுலயேதான் பெரும்பாலும் நின்னுடுது. அதனால அஞ்சு வருஷத்துல ஸ்கூல் காணாமப் போயிடும்னு நான் நினைக்கல. மெதுவா மெலிஞ்சு போகும் அபாயம்தான் உண்மையான அபாயம், கேஜில 25 பேர் சேந்த இடத்துல 17 பேர்தான் வர்றாங்கன்னா அது ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

பணம் கூடினா படிப்பு கூடுமான்னு பொதுவா ஒரு வாதம் இருக்கு, அதையும் தொட்டுட்டுப் போறேன். 1966ல கோல்மன் ரிப்போர்ட்னு அமெரிக்க ஸ்கூல்களைப் பத்தின பெரிய ஆய்வு வந்ததுல இருந்து குடும்பச் சூழ்நிலைதான் முக்கியம், ஸ்கூல் செலவு பெருசில்லன்னு ஒரு பக்கம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. 2016ல ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோன்னு மூணு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுல பன்னெண்டு வருஷமும் 10 பர்சன்ட் கூடச் செலவு பண்ணினா அந்தப் பிள்ளைங்க பெரியவங்களானதும் சம்பளம் சுமார் 7 பர்சன்ட் கூடுச்சு, அதுலயும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்குப் பலன் அதிகம்னு வந்துச்சு. நான் அதை நம்புறேன். ஆனா அது பல மாநிலத்துல கோர்ட் உத்தரவால பணம் கூடின இடங்களோட சராசரி, உங்க ஊரோட கூடுதல் 5,000 டாலர் பாதிக்கு மேல சின்னதா இருக்கிறதுக்கான விலையா கூட இருக்கலாம், அதை வெச்சு மார்க் ஏறணும்னு எதிர்பாக்க முடியாது. அந்த விலைக்குக் கிடைக்கிறது வேற, ஸ்கூல்ல எல்லா டீச்சருக்கும் உங்க பிள்ளை பேரு தெரியும், நாடகம்னா எல்லாருக்கும் ஒரு வேஷம் உண்டு, கூச்சப்படுற பிள்ளை கூட ஒளிய முடியாது. அதே சமயம் ஏழாவதுல அட்வான்ஸ்டு கணக்குக்கு நாலே பேர்தான்னா தனி கிளாஸ் போட மாட்டாங்க. உங்க பிள்ளைக்கு இதுல எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்.

வாங்கலாமா வேண்டாமான்னு ஊர் பேரு தெரியாம நான் சொன்னா அது பொறுப்பில்லாத பதில். டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்லயே யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட்னு போட்டிருப்பாங்க, அஞ்சு வருஷத்தோடது எடுங்க. பிள்ளைங்க எண்ணிக்கை, ஸ்டேட் எய்ட், பட்ஜெட்டுக்குள்ள எடுத்துப் போட்ட கையிருப்பு, ரிசர்வ்ல மிச்சம், இந்த நாலு வரியையும் ஒரு தாள்ல வரிசையா எழுதுங்க. ஏப்ரல் கடைசி, மே ஆரம்பத்துல பட்ஜெட் ஹியரிங் நடக்கும், யாரு வேணா போய் உக்காரலாம், போய்ட்டு வாங்க, ஹால்ல எத்தனை பேரு இருக்காங்க, எப்படிப் பேசிக்கிறாங்கன்னு பாருங்க. அந்த நாலு வரியை இங்க போடுங்க, ஊர் பேரு வேண்டாம், ஹைஸ்கூல் ரீஜனலா ட்யூஷனான்னு மட்டும் சேத்துச் சொல்லுங்க, சனிக்கிழமை உக்காந்து பாத்துட்டு எழுதறேன்.